மேடம் வில் எக்ஸ்ப்ளெயின்

எங்கள் கல்லூரியில் இங்கிலீஷில் இருக்கிற எதுவும் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற தனியார் பாலிடெக்னிக் அது. நான் அங்கே ஆங்கில விரிவுரையாளர். கழிவறைக் கதவில் ஒட்டுகிற அறிவிப்பு, புது மெஷினோடு வந்த கையேடு, பிரின்சிபால் மகளின் கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலப் பக்கம், எல்லாமே என் இலாகா. ஆகவே வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றோடு கூட்டு சேர்ந்து திட்டம் போட்டு, அதற்கு வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் நிதி கேட்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஆசை வந்தபோது, யார் எழுதுவது என்ற பேச்சே எழவில்லை.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் என் பாஸ்போர்ட் கிடந்தது. கல்யாணமான புதிதில் துபாய்க்குப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம் என்று கணவர் எடுத்துக் கொடுத்தது. துபாய் வரவில்லை, மூத்தவன் வந்தான். அப்புறம் சின்னவள் வந்தாள். என்னைத் தவிர அந்தப் பாஸ்போர்ட்டை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பீரோவைச் சுத்தம் செய்யும்போது எடுத்துப் புரட்டுவேன். எல்லாப் பக்கமும் வெள்ளை. காலாவதியாகும் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முத்திரையாவது அதில் விழ வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. படித்த பெண், நாற்பதைத் தாண்டியவள், இதற்கா ஏங்குவாள் என்று கேட்டால், ஆமாம், இதற்குத்தான் ஏங்கினேன்.

முதல் மூன்று விண்ணப்பங்களும் மண்ணைக் கவ்வின. முதலாவதில், கூட்டாளி என்று நாங்கள் எழுதியிருந்த வெளிநாட்டுப் பள்ளிக்கு அந்த விஷயமே தெரியாது. "அப்புறம் சொல்லிக்கலாம் மேடம், முதல்ல பணம் வரட்டும்" என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். இரண்டாவதில், செலவுக் கணக்கில் பாதி தொடக்க விழாவுக்குப் போய்விட்டது. மேடை, பொன்னாடை, நினைவுப் பரிசு, சைவ அசைவ மதிய உணவு. மூன்றாவது உருப்படியாகத்தான் இருந்தது. ஆனால் பிரின்சிபால் ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் கல்லூரியின் வட்ட முத்திரையைக் குத்தி ஸ்கேன் செய்து அனுப்பினார். சரியாக எங்கெங்கே பதில் இருந்ததோ அங்கங்கே முத்திரை உட்கார்ந்திருந்தது.

எங்கள் பிரின்சிபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். நல்ல மனிதர், ஆனால் கேள்வி என்ற ஒன்றைக் கண்டாலே அவருக்கு ஆகாது. விண்ணப்பங்களில் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு: நிதி தீர்ந்தபின் திட்டம் எப்படித் தொடரும்? அதைப் படித்துக் காட்டினேன்.

"பணம் தீந்துட்டா திட்டமும் தீந்துடும். இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார்.

"அப்படி எழுத முடியாது சார்."

"பின்ன நீங்களே ஏதாவது நல்லதா எழுதுங்க. பேகா, பேகா" என்று கன்னடத்துக்குத் தாவி அவசரப்படுத்தினார்.

நல்லதாக எழுதினேன். நாலாவது விண்ணப்பத்துக்கு உண்மையாகவே ஒரு கூட்டாளி கிடைத்திருந்தார். பின்லாந்தில் ஒரு சிறிய ஊர், அங்கே ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி, அதில் மெஷின் பராமரிப்பு சொல்லிக்கொடுக்கிற ஓர் ஆசிரியை. ஆங்கிலம் அவருக்கும் இரவல் மொழிதான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் வீடியோவில் கூப்பிடுவேன், அங்கே காலை பத்து மணிவாக்கில் இருக்கும். அவருடைய பள்ளியிலும் பழைய மெஷின்கள், எங்களிடமும் பழைய மெஷின்கள். புதிதாக வாங்க இரண்டு பேரிடமும் வழியில்லை. பழைய மெஷினை எப்படிப் பேணி ஓட்டுவது என்பதை இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் போட்டோம். எங்கள் பக்கமிருந்து நாலு மாணவர்களும், திட்ட ஒருங்கிணைப்பாளரான ஓர் ஆசிரியரும் அங்கே போய் இரண்டு வாரம் தங்கலாம்.

எழுதி முடித்து, ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, பிரின்சிபாலிடம் கொடுத்தேன். அவர் அந்த ஓர் இடத்தை மட்டும் கவனமாகப் படித்தார்.

"இங்க என் பேரப் போடுங்க மேடம். ஃபாரின்காரங்க பிரின்சிபாலைத்தான் எதிர்பாப்பாங்க."

"சார், கோஆர்டினேட்டர்னா அவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

கிருஷ்ணகிரிக்குத் திரும்புகிற பஸ்ஸில் சூளகிரி வரைக்கும் மனசுக்குள்ளேயே அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன், எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும். வீட்டில் கணவரிடம் சொன்னபோது, உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிற அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எங்க கம்பெனியில மட்டும் என்னவாம் டீச்சரம்மா? வேல செய்யறவன் ஒருத்தன், ஜப்பான் போறவன் ஒருத்தன்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆறுதலாக இல்லை.

விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குத் தேர்வானது. நிதி தருகிறவர்கள் வீடியோவில் எங்கள் ஒர்க்‌ஷாப்பைப் பார்ப்பார்கள், ஒருங்கிணைப்பாளரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார்கள். மூன்று தேதிகள் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிரின்சிபால் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார். ஒரு தேதி கரிநாள். இன்னொன்றில் அவர்கள் சொன்ன நேரம் ராகு காலத்தில் விழுந்தது. மூன்றாவது, ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள்.

"இதான் நாள்!" என்று மேசையைத் தட்டினார். "காலேஜ் பூரா ஜோடிச்சிருக்கும், பசங்க புதுத் துணியில இருப்பாங்க. இன்டர்நேஷனல் லுக்!"

ஆயுத பூஜைக்கு அரசு விடுமுறை என்பதால் எங்கள் ஊரில் முக்கால்வாசிக் கம்பெனிகளும் கல்லூரிகளும் முந்தின நாளே பூஜையை முடித்துவிடும். ஆகவே அன்றைக்கு ஓசூரே ஜேஜே என்று இருக்கும். அந்த நாளில் என்ன சிக்கல் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். பொரியும் கடலையும் கிடைக்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதற்குமேல் அந்த நாளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அன்று காலையில் ஒர்க்‌ஷாப் கண்ணைப் பறித்தது. வாசலில் வாழைக்கன்று, உத்திரமெல்லாம் சீரியல் பல்ப். ஒவ்வொரு லேத்துக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வெல்டிங் மெஷினுக்குப் பெரிய பொட்டு. பிரின்சிபால் பட்டு வேட்டியில் இருந்தார். பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது, பொரி எல்லோருக்கும் வந்தது. மதியம் லேப்டாப்பை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, பிரின்சிபாலை அதன்முன் நிறுத்தி, நான் ஓரமாக நின்றேன். திரையில் நிதி தருகிற அமைப்பிலிருந்து ஓர் அம்மாவும் ஓர் ஐயாவும் வந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் என் பின்லாந்துத் தோழி.

வணக்கம் எல்லாம் முடிந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: மாணவர்கள் ஏதாவது ஒரு லேத்தை ஓட்டுவதைப் பார்க்கலாமா?

பிரின்சிபால் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தார். இன்ஸ்ட்ரக்டர் பிரின்சிபாலைப் பார்த்தார்.

"சார், பூஜை போட்டாச்சு" என்று இன்ஸ்ட்ரக்டர் கிசுகிசுத்தார். "இனிமே விஜயதசமி முடிஞ்சிதான் சுச்சு போடணும். மாலைய போட்டுக்கினு நிக்கிற மெஷின ஓட்டுனா ஆவாது சார்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வருடம் முழுக்க ஓடுகிற மெஷின்களைக் காட்ட, அவை ஓடக்கூடாத ஒரே நாளைப் பார்த்துப் பிடித்திருந்தோம். வேறு எந்த ஊர்க்காரனாலும் இவ்வளவு துல்லியமாகத் தப்பு செய்திருக்க முடியாது.

பிரின்சிபால் திரையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "சாரி மேடம். பவர் கட்."

அவர் தலைக்குப் பின்னால் சீரியல் பல்ப் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றியது. எங்கோ ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு வேறு.

அந்த ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அந்த அம்மா நாசூக்காக அடுத்த கேள்விக்குப் போனார்: மாணவர்கள் பராமரிப்பில் தேறியிருக்கிறார்களா என்று எப்படிச் சோதிப்பீர்கள்?

"மேடம் வில் எக்ஸ்ப்ளெயின்" என்று பிரின்சிபால் என்னைக் கை காட்டினார்.

ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்று தோன்றியது. போகப்போவது அவர், மூழ்கட்டும். தியாக உணர்ச்சியோ கல்லூரிப் பற்றோ என்னைப் பேச வைத்தது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அந்த விண்ணப்பத்தின் ஒவ்வொரு வாக்கியமும் நான் எழுதியது. அதன் கழுத்தை ஒருவர் என் கண்முன்னாலேயே நெரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டேன்.

"பவர் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிரின்சிபால் ஏதோ கன்னடத்தில் முனகினார். "இன்று நாங்கள் மெஷினை ஓட்டமாட்டோம். இன்று அவற்றுக்கு ஓய்வு. ஊரில் இருக்கிற எந்தக் கம்பெனியிலும் பூஜை முடிந்த மெஷின் ஓடாது. நீங்கள் தேதி கேட்டபோது இது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. ஆனால் இந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று காட்டுகிறேன்."

காட்டினேன். ஒவ்வொரு மெஷினையும் பிரித்துத் துடைத்து, கிரீஸ் மாற்றி, தேய்ந்ததை மாற்றி, பெயின்ட் அடித்திருந்தார்கள். சில இடங்களில் துருவுக்கு மேலேயே பெயின்ட் அடித்திருந்ததையும் காட்டினேன், அதுதான் உங்களிடம் கற்க வேண்டியது என்றேன். பூஜை என்பதால்தான் இவ்வளவு பாடுபடுகிறார்கள், பரீட்சைக்கு இதில் பாதிகூடச் செய்யமாட்டார்கள் என்றும் சொன்னேன். பர்கூரிலிருந்து வருகிற மாணவி ஒருத்தி, தலை நிறைய மல்லிகையும் நகக்கண்ணில் கிரீஸுமாக, தன் லேத்தின் எந்த பேரிங் ஏன் சத்தம் போட்டது என்று உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினாள். பின்லாந்துத் தோழி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "எங்கள் மாணவர்கள் மெஷினுக்கு எண்ணெய் விட மாட்டேன் என்கிறார்கள். எங்களுக்கும் இப்படி ஒரு பண்டிகை வேண்டும்" என்றார்.

அதன்பின் வந்த ஒவ்வொரு கேள்விக்கும் பிரின்சிபால், "மேடம் வில் எக்ஸ்ப்ளெயின்" என்றார். நானும் எக்ஸ்ப்ளெயின் செய்தேன். கடைசியில் அந்த ஐயா, மிக மரியாதையாக, அப்படியானால் இந்தத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் என்ன செய்வார் என்று கேட்டார்.

பிரின்சிபால் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஐ வில் ப்ளெஸ்" என்றார்.

நிதி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: கேள்விகளுக்குப் பதில் சொன்னவரே ஒருங்கிணைப்பாளராக இருக்க வேண்டும். கடிதத்தைப் பிரின்சிபால் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார். "பர்வாகில்ல மேடம். அங்க ஒரே குளிரு, எனக்கும் ஆவாது" என்றார். மறுநாள் பிரேயரில், தனக்கு வந்த வாய்ப்பைத் தன் ஊழியருக்கு விட்டுக்கொடுத்ததாக அவரே அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நான்தான் பலமாகத் தட்டினேன். கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள். அவர் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது, என் படம் தீப்பெட்டி அளவுக்கு அவர் முழங்கால் பக்கத்தில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

விசா எடுக்கப் போனால், பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, இதை வைத்து விசா தரமாட்டார்கள், முதலில் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எங்கயும் போகலியா மேடம்?"

"இல்லப்பா."

பக்கத்திலிருந்த முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். பழையதை ரத்து செய்கிற முத்திரை. அது செல்லாது என்று அதன்மேலேயே குத்திக் கொடுப்பார்களாம். சிரிக்கப் பார்த்தேன். இத்தனை வருடமாக வெள்ளையாகக் கிடந்ததில் விழப்போகிற முதல் முத்திரை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் கையை நிறுத்தினார்.

"என்ன மேடம், குத்தட்டுமா?"

"குத்துப்பா," என்றேன். "நல்லா அழுத்திக் குத்து."