பக்கத்து சீட்டுக்காரரின் கால்

கார் ஓட்ட வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. மராத்தி பேசும் பிம்ப்ரியில் இருந்த அந்த வருடங்களில் எனக்கு பஸ்ஸும் ஆட்டோவும் போதுமாக இருந்தன. வீட்டில் நின்ற பழைய வெள்ளைக் கார் என் கணவருடையது. சாகண் என்ற தள்ளியிருந்த ஊரில், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் அவர் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்குள் கிளம்பிப் போய்விடுவார். எனக்கும் அந்தக் காருக்கும் இருந்த உறவு, ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

சர்க்கரை வியாதி அவர் கண்ணுக்குள் புகுந்து ரத்தம் கசிந்தபோது எல்லாம் தலைகீழாகிவிட்டது. இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணில் கிட்டத்தில் இருப்பது தெரியும், தள்ளி இருப்பதெல்லாம் கரைந்துவிடும். இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறை முதலாளி கெட்டவர் இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை தருகிறேன், ஆனால் ஒண்ணாம் தேதியிலிருந்து முதல் ஷிப்டுக்கு வந்தாக வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றார். அவரும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்?

என் கணவர் பஸ்ஸில் போய்ப் பார்க்காமல் இல்லை. போசரியில் இறங்கி, ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேரை அடைக்கும் ஷேர் வண்டியில் ஏறி, சாகணில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஒரே ஒருநாள் போனார். இருட்டில் ரோட்டோரச் சாக்கடையில் விழுந்து, முழங்கை தோலுரிந்து கிடந்தவரை யாரோ ஒரு பால்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டுப் போனார். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், நான் ஓட்டினால் உண்டு, இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று புரிந்தது. மூட்டை கட்டினால் கோயமுத்தூரில் என் அண்ணன் வீட்டுப் பின்னறை. அங்கே அண்ணி ஊற்றும் காபிக்கு முகம் பார்த்துக் காத்திருப்பதற்கு, லாரிக்கு அடியில் போவதே மேல் என்று தோன்றியது.

ஆகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மாஸ்டர் பான் போட்ட வாயோடு எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார். என்னை வஹினி என்றுதான் கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். ஸ்கூல் காரில் அவர் உட்காரும் இடது பக்கத்திலும் கிளச், பிரேக் உண்டு. "வஹினி, ஃபக்த ஸ்டியரிங் பகா. பாக்கி மீ ஆஹே" என்பார் தினமும். ஸ்டியரிங்கை மட்டும் பாருங்கள், மீதிக்கு நான் இருக்கிறேன். நானும் ஸ்டியரிங்கை மட்டும் பார்த்தேன். மார்க்கெட் நெரிசல், ரயில்வே ஸ்டேஷன் வளைவு, மாத்திரைக் கம்பெனி வாசலில் ஷிப்டு விடும் கூட்டம் என்று எல்லாவற்றையும் தாண்டிப் போனேன். வண்டி ஒருதடவைகூட நின்றதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறவியிலேயே ஓட்டத் தெரிந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பார்: "கிளச்ச விடறப்ப வண்டி எங்க புடிக்குதுன்னு தெரியுதா அம்மிணி?"

"எல்லாம் தெரியுதுங்க. நீங்க சும்மா இருங்க" என்பேன்.

டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ. மைதானத்தில் எங்கள் ஸ்கூல் பெண்கள் வரிசையாக நின்றோம். வழக்கம் என்னவென்றால், இன்ஸ்பெக்டர் வேப்பமர நிழலில் நின்றபடி பார்ப்பார், மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், நாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பாஸ். எனக்கு முன்னால் போன எல்லோரும் அப்படியே போய் அப்படியே வந்தார்கள். என் முறை வரும்போது நிழலில் நின்றவரை யாரோ உள்ளே கூப்பிட்டுவிட, வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். இளவயசு, இஸ்திரி கலையாத சட்டை. காருக்குள் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், தும்ஹி உத்ரா" என்றார். நீங்கள் இறங்குங்கள்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார். இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் ஏறி, பெடல்கள் மேல் படாமல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

கியர் போட்டேன், காலை எடுத்தேன். வண்டி ஒரு குதி குதித்துச் செத்தது. மறுபடி சாவியைத் திருப்பினேன். மறுபடி குதித்தது. மூன்றாம் தடவை என் நெற்றி ஸ்டியரிங்கில் போய் முட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் கிளச்சை மிதிக்கவே இல்லை. என் கால் சும்மா பெடல் மேல் உட்கார்ந்து சவாரி செய்திருக்கிறது, மிதித்ததும் விட்டதும் பக்கத்து சீட்டுக்காரர். "புன்ஹா யா" என்றார் இன்ஸ்பெக்டர். திரும்ப வாங்க. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மாஸ்டரை அங்கேயே பிடித்துக்கொண்டேன். இந்தி, மராத்தி, தமிழ் என்று எது வாய்க்கு வந்ததோ அதில் கத்தினேன். அவர் துளிகூடக் கூசவில்லை. லேடீஸ் பயப்படுவார்கள் வஹினி, கிளச் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுவார்கள், அதனால் எல்லா ஸ்கூலிலும் நாங்களே வைத்துக்கொள்வோம், லைசென்ஸ் வாங்கியபின் யார் ஓட்டப் போகிறார்கள் என்றார். அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் விஷயத்தில் அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் நான் ஓட்டியே ஆக வேண்டியவள்.

மறு டெஸ்டுக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஒண்ணாம் தேதி அதை ஒட்டியே வந்தது. வீட்டில் அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு" என்றார்.

மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்பக்க ரோட்டில் அந்த வாரம் கழிந்தது. லேர்னர்ஸ் லைசென்ஸ் வைத்திருப்பவள் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அவர் லைசென்ஸ் இன்னும் காலாவதி ஆகவில்லை. காகிதத்தில் அவருக்கு இன்னும் கண் இருந்தது. எதிரில் வருவது எருமையா டெம்போவா என்று தெரியாமல் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லுவார். "சத்தம் எறங்குது பாரு, அதான் புடிக்கற எடம். அங்க சித்த நேரம் காலை நிறுத்து." நிறுத்துவேன். செத்துப்போகும். சாவி, குதி, சாவு. வண்டியில்தான் ஏதோ கோளாறு என்றுகூட ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரிக்காமல் சொன்னார்.

மட்ட ரோட்டில் ஒருவழியாக வசப்பட்டது. ஏற்றம்தான் வரவே இல்லை. ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் நழுவி, ஒரு ரிக்‌ஷாவின் முன்கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னே நின்றது. ரிக்‌ஷாக்காரன் என் ஏழு தலைமுறையையும் விசாரித்தான். நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். பின்னால் ஹாரன் போட்டுக் கொல்கிறார்கள், என்னால் காலை அசைக்க முடியவில்லை.

அவர் மெதுவாக, "போதும் புள்ள. உன்னையும் கொன்னு நானும் சாகறதுக்கு, உங்கண்ணன் ஊட்டுக்கே போயிரலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே நூறு தடவை நினைத்த விஷயம்தான், அவர் வாயால் கேட்கப் பொறுக்கவில்லை. "நீங்க வேணா போங்க. நான் வல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, சத்தம் இறங்கும்வரை காலைத் தூக்கி, விட்டேன். வண்டி ஏறியது. ஏறியது எப்படி என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது, ஆத்திரத்தில்தான் ஏறியிருக்க வேண்டும்.

டெஸ்டுக்கு எங்கள் காரிலேயே போனோம். அவர் கேட் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அதே இஸ்திரிச் சட்டை இன்ஸ்பெக்டர்தான். மைதானத்தில் ஒரு சுற்று பார்த்துவிட்டு, ரோட்டுக்குப் போங்கள் என்றார். போனால், மேம்பாலத்து ஏற்றத்தின் நட்டநடுவில் டிராஃபிக் நின்றது. முன்னால் மணல் லாரி, பின்னால் பார்க்கும் கண்ணாடி நிறைய ஒரு பஸ். குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட நேரமில்லை. லாரி நகர்ந்தது. ஒரு சாண் பின்னால் போனேன், அப்புறம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் பாலத்து உச்சியில்தான் வாய் திறந்தார், இண்டிகேட்டரை அணைக்கச் சொல்லி.

பாஸ் என்று சொல்ல டீக்கடைக்கு ஓடினேன். வாயிலிருந்து வார்த்தை வரவில்லை, விசும்பல்தான் வந்தது. அதைக் கேட்டதும் அவர் தப்பாகப் புரிந்துகொண்டு என் கையைப் பிடித்து, "போச்சாது போ. அழுவாத" என்றார்.

"பாசுங்க" என்றேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஒண்ணாம் தேதி விடியும் முன்னால் கிளம்பினோம். மோஷி தாண்டியதும் ஒரு கரும்பு டிராக்டர், பின்விளக்கே இல்லாமல், ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. எதிரில் தூரத்தில் இரண்டு விளக்குகள். அது லாரியா, பக்கத்தில் இருக்கிறதா தள்ளி இருக்கிறதா, தாண்டலாமா கூடாதா, ஒன்றும் பிடிபடவில்லை. ஷிப்டுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, தாண்டட்டுங்களா?"

பதில் இல்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தாவது ஏதாவது சொல்வார் என்று மறுபடி கேட்டேன். திரும்பிப் பார்த்தால், தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கண் போனதிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எழுப்ப மனசு வரவில்லை. எதிர் விளக்குகள் கடந்து போகும்வரை காத்திருந்து, ஹாரன் அடிக்காமல் தாண்டினேன்.