கிராஸா மாட்டுகிற பை

என் நைனாவின் எதிரில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்று பேசினால் அவர் தரையைப் பார்ப்பார். பேச்சு நீண்டால் தரையில் எறும்பு தேடுவார். அந்த விஷயத்தில் நான் அவருடைய பிள்ளைதான். அஞ்சாவதோடு படிப்பை விட்டவன் எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவருடைய கூச்சத்தால் எங்கள் வீட்டில் ஒருமுறை ஒரு பெரிய கலவரம் நடக்க இருந்தது. அது ஒரு சின்னப் பையைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பையை சஞ்சி என்போம்.

அப்போது சித்தூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். அந்த வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்முவோம்.

அம்மாவுக்கு குரோஷா வேலை நன்றாக வரும். முனையில் சின்னக் கொக்கி வைத்த ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான். குழம்பு கொதிக்கிற நேரத்தில் நாலு கண்ணி போட்டுவிடுவாள். ரேடியோவுக்கு உறை, மேஜைக்கு விரிப்பு, பைபிளுக்குக்கூட ஒரு சட்டை. எங்கள் வீட்டில் அவள் கண்ணுக்குத் தப்பியது தண்ணீர்க் குடம் ஒன்றுதான்.

அத்தைக்கு திருப்பதி மலைக்கு நடந்து ஏறி முடி கொடுப்பதாக ஒரு வேண்டுதல். அதற்கு முந்தைய தடவை போனபோது கூட்டத்தில் கைப்பை எங்கோ நழுவிவிட்டது. உள்ளே இருந்த மூக்குக்கண்ணாடியும் இளைப்பு மாத்திரையும் அதோடு போயின. பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாளாம். அன்றிலிருந்து அவள் மாமியார் சுவர் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார்: “எல்லாரும் சாமிக்கு முடி குடுப்பாங்க. எங்க வூட்டு மருமக கண்ணாடி குடுத்துட்டு வந்தா.”

ஆகவே அத்தை இந்தத் தடவை எச்சரிக்கையாக இருந்தாள். ஒரு காலை, அம்மா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், குழாயடியில் நைனாவைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, அக்காகிட்ட சொல்லுங்க. சின்னதா எனக்கு ஒரு சஞ்சி போட்டுத் தரணும். கிராஸா மாட்டிக்கினு போற மாதிரி. கண்ணாடி, மாத்திர, கொஞ்சம் சில்லற, அவ்ளோதான் வெக்கப் போறேன். மலைக்குப் போறதுக்குள்ள குடுத்தா போதும்.”

“ஆகட்டும்மா,” என்று நைனா பக்கெட்டிடம் சொன்னார்.

சாயங்காலம் வெல்ல மண்டியிலிருந்து வந்ததும் அம்மாவிடம் சொன்னார். எந்தச் செய்தியையும் பாதியாகச் சுருக்கிச் சொல்வது அவர் வழக்கம். “பக்கத்து வூட்டம்மா ஒரு சஞ்சி கேட்டாங்க. சின்னதா. கிராஸ் சஞ்சி.”

அம்மாவின் கை நின்றது. “கிராஸா?”

“ஆமா. கிராஸா.”

அம்மா ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிசம்பர் மாதத்தில் பாட்டுக் குழு எங்கள் வாசலுக்கு வரும்போது அத்தை தன் வாசலில் நின்று கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்பாள். பாடினவர்களுக்கு டீயும் கொடுப்பாள். அதையெல்லாம் அம்மா இப்போது ஒன்று சேர்த்துப் பார்த்தாள். “ஒருத்தர் மனசுல இன்னா நடக்குதுன்னு நமக்குத் தெரியாது,” என்று என்னிடம் சொன்னாள். “நீ யார்கிட்டயும் இத வாயத் திறக்கக் கூடாது. அவங்களையும் கேக்கக் கூடாது. அவங்களா சொல்லட்டும்.”

அந்தப் பையைப் போட்டதுபோல அம்மா எதையும் போட்டதில்லை. நல்ல வெள்ளை நூலை எடுத்து முதலில் நடுவில் ஒரு சிலுவையைப் போட்டாள். கீழ்க் கை நீளமாக, மேல் மூன்று கைகளும் குட்டையாக, சர்ச்சுக் கோபுரத்தில் இருப்பது மாதிரியே. பிறகு அதைச் சுற்றி மெரூன் நூலில் வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டே போய், என் இரண்டு உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்தாள். அதாவது சிலுவை மேலே ஒட்டியது இல்லை. பையே அந்தச் சிலுவையிலிருந்துதான் வளர்ந்தது. பின்பக்கத்தை இணைத்து, வாயில் ஒரு பொத்தான் தைத்தாள். தோள் வார் மட்டும் பாக்கி.

அந்த மத்தியானம் அத்தை வந்தாள். காலடி கேட்டதும் அம்மா பையைத் தலையணைக்குக் கீழே தள்ளினாள். முழுசாக முடித்து, கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அத்தை சும்மா வரவில்லை. வீட்டுக்காரருடைய தோல் பையைத் தோளிலிருந்து குறுக்கே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “டிக்கெட், டிக்கெட்! யோவ், படியில நிக்காத, உள்ள போ!” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“அக்கா, வார் நீளம் காட்டலாம்னு வந்தேன். பாருங்க, இப்பிடி கிராஸா தொங்கணும். ரெண்டு கையும் சும்மா இருக்கணும். படி ஏற சொல்ல கம்பி புடிக்கணுமே.”

“படியா?”

“மலைக்குத்தான். நாளைக்குக் காலைல கெளம்புறோம். அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னனே!”

அம்மா மெதுவாக நகர்ந்து அந்தத் தலையணை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “முடிஞ்சிடுச்சாக்கா?” என்று அத்தை கேட்டாள். “கொஞ்சம் வேல இருக்குது,” என்றாள் அம்மா.

நைனா வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்தது.

“அவங்க உங்ககிட்ட இன்னா சொன்னாங்க?”

“கிராஸான்னாங்க.”

“நீங்க என்கிட்ட இன்னா சொன்னீங்க?”

“நீ கிராஸான்னு கேட்ட. நான் ஆமா, கிராஸான்னேன். அவங்க சொன்னதும் அதான், நீ கேட்டதும் அதான், நான் சொன்னதும் அதான். இதுல என் தப்பு இன்னா?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. அம்மாவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“மலைக்குப் போறவ கையில சிலுவை போட்ட சஞ்சியக் குடுத்தா அந்த மாமியாரு இன்னா நெனக்கும்? வேணும்னே பண்ணேன்னு நெனக்காதா? அப்பறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவங்க வாசல்ல நிப்பேன்? ஒரு பச்ச மிளகா கேக்க முடியுமா இனிமே?”

வேறு பை போட நேரம் இல்லை. பை இல்லையென்றால் அத்தை மறுபடியும் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஏற வேண்டும். பிரித்துப் போடலாம் என்றால், நடுவில் நூலை இழுத்த உடனே பை முழுவதும் கழன்று வந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், ஒவ்வொரு கண்ணிக்கும் ஜெபம் பண்ணிப் போட்ட சிலுவையைத் தன் கையாலேயே இழுத்து அவிழ்க்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஊசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நைனா வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எறும்பு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“நம்ப சர்ச்சு கேட்டு மேல இருக்கிற சிலுவையில,” என்றார், “வருசா வருசம் மழைக்கு சங்குப்பூக் கொடி ஏறிக்கினு பூ பூக்குது. யாருனா அத அறுத்துப் போட்டாங்களா?”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

பையின் வெளிப்பக்கத்தில் மட்டும் நூலை ஓட்டி, மேல் மூன்று கைகளையும் அகலமாக்கி இதழாக்கினாள். இடுக்குகளில் புதிதாக வெள்ளை இதழ்கள் போட்டாள். நீளமான கீழ்க் கையின் மேல் பச்சை நூலை ஓட்டினாள். அது காம்பு ஆயிற்று. காம்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் இலை. ராத்திரி படுக்கப் போகும் நேரத்துக்குள் பையின் நடுவில் ஒரு பூ நின்றது. எனக்கு அழுகை வந்தது. நன்றாக இருந்த சிலுவையைக் கெடுத்துவிட்டாள் என்று. நான் அதை மற்ற பிள்ளைகளிடம் காட்டலாம் என்று இருந்தேன். அம்மா என் அழுகையைக் கவனிக்காமல் வாரை முடித்தாள்.

மறுநாள் காலை கிளம்பும் முன் அத்தை பையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். பொத்தானைக் கழற்றி உள்ளே பார்த்தாள். உள்பக்கத்தில் பூ இல்லை. வெள்ளைச் சிலுவை அப்படியேதான் தெரிந்தது. அத்தையின் விரல் அதன் மேல் மெதுவாகப் போய், நீளமான கையின் அடி வரைக்கும் இறங்கியது. அம்மா நைனாவைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது இன்னா பூக்கா?”

“அது... சும்மா ஒரு பூ.”

அத்தை கண்ணாடியையும் மாத்திரையையும் உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டாள். “உள்ள இருக்கிறது உள்ளயே பத்திரமா இருக்கும்க்கா,” என்றாள். மாத்திரையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மலையிலிருந்து அத்தை, மாமியார் எல்லோரும் திரும்பி வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அத்தை மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் நொண்டி நொண்டி வந்தாள். மார்புக்குக் குறுக்கே மெரூன் பை. மூக்கின் மேல் கண்ணாடி பத்திரமாக இருந்தது. வலது கையில் கோயில் லட்டுப் பை. இடது கையில் சணல் கட்டிய ஓர் அட்டைப் பெட்டி. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி, ஒன்றோடொன்று படாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். “தராசு! தராசு!” என்று கத்திச் சிரித்தேன். அம்மா என் தலையில் ஒன்று போட்டாள்.

அத்தை தன் வீட்டுக்குள் போய் வலது கையில் இருந்ததை வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி எங்கள் வாசலுக்கு வந்தாள். “இது மேல குடுத்தது இல்லக்கா. கீழ கடையில வாங்கனது. துன்னுங்க.”

படைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் முந்திரி போட்ட பெரிய லட்டைத் துண்டு துண்டாகத் தின்றார்கள். எங்களுக்கு வந்தது முந்திரி இல்லாத, எலுமிச்சை அளவு மஞ்சள் லட்டு. “பை போட்டுக் குடுத்தது நாம. நமக்குப் போயி கட லட்டா?” என்று கேட்டேன். இனிப்பே தொடாத அம்மா ஒரு லட்டை முழுதாக, மெதுவாகத் தின்றாள். “துன்னுடா,” என்றாள்.

இப்போது நான் திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். நடந்து மலையேறி வந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். கீழே வந்த பிறகு ஒரு படி ஏறி அறைக்குப் போகவும் அவர்களால் முடியாது. பஸ்ஸைக் கண்டால் போதும், உள்ளே போய் விழுந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒரு கூட்டத்திலிருந்து, பிடித்த காலோடு, மாமியாரை பஸ்ஸில் காக்க வைத்துவிட்டு ஒருத்தி இறங்கி, கடை தேடிப் போயிருக்கிறாள். சித்தூர் வருகிற வரைக்கும், படைத்தது எங்கள் பெட்டியில் பட்டுவிடாமல், இரண்டு கையையும் விலக்கியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் தராசு என்று சிரித்தேன்.