சந்தனம் பூசிய இரும்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றப்போகிறார்கள், உள்ளே கிடந்த சாமான்களையெல்லாம் முற்றத்தில் பரப்பி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விடிந்தும் விடியாததுமாக பஸ் ஏறிவிட்டேன்.

நான் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவன். பட்டாளத்துச் சாமான் என்றால் எனக்குப் பைத்தியம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தொப்பிச் சின்னம், தகரக் குவளை, வெடித்த குண்டின் சில்லு என்று எது கிடைத்தாலும் வாங்கி அலமாரியில் அடுக்குவேன். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்த மலைகளில் தங்கிச் சுட்டுப் பழகியதால் இங்கே அவை கிடைக்கவும் செய்யும். “ஊரே வீட்டுக் குப்பைய வெளிய தள்ளுது, நீங்க மட்டும் காசு குடுத்து உள்ள கொண்டாறீங்க” என்பாள் என் மனைவி.

அன்று எனக்கு யோகம். துரைமார் கைத்தடி செருகி வைத்திருந்த பித்தளை உருளை ஒன்று கிடைத்தது. பீரங்கிக் குண்டின் வெற்று உறை அது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சட்டி ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்த ஓர் அக்கா குனிந்து பார்த்தார். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

“எங்க சாமியும் இந்தத் தண்டிதான் இருக்கும் தம்பி. ஆனா அது இரும்பு. மேல கூரா இருக்கும்.”

அதற்குமேல் எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. கோயிலுக்கு ஒரு நல்ல மணி வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த இரும்பைக் கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட மனசு ஓடியது. அவர் பின்னாலேயே நடந்தேன்.

போகிற வழியில் அவர் தன் கதையைச் சொன்னார். தேயிலைக் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்து வேலையின்போது அவருடைய கணவர் சரிவில் உருண்டு முதுகில் அடிபட்டவர். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல நடக்கப் பழகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனுஷன் பாயை விட்டு எழவே இல்லையாம். கடைசியில் அந்தச் சாமியைத் தினமும் மூன்று சுற்றுச் சுற்றுவதாக வேண்டிக்கொண்ட பிறகுதான் தடியை ஊன்றி எழுந்தாராம்.

கோயில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாலு கம்பு, மேலே தகரம். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வந்த சாமியாம். மண்வெட்டி பட்டதும் மணி அடித்த மாதிரி கேட்டதாம். தானாக வந்ததை நகர்த்தக் கூடாது என்று அங்கேயே சுற்றிப் பீடம் கட்டிவிட்டார்கள். மஞ்சளும் சந்தனமும் பூசி, வெள்ளிக் கண்மலர் ஒட்டியிருந்தது. அந்த மனுஷன் தடியை ஊன்றி, மூச்சு வாங்க வாங்க அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா பட்டுத்துணியை மாற்ற அவிழ்த்தார். பீடத்துக்குச் சற்று மேலே ஒரு செம்புப் பட்டை தெரிந்தது. அதில் சாய்வாகக் கோடுகள். பீரங்கிக்குள்ளிருந்து பாய்ந்து வந்த குண்டில்தான் அந்தக் கோடுகள் விழும். மூக்கோ உடையாமல் முழுசாக இருந்தது. சுடப்பட்டு, வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டு அது. அக்கா அதன் காலடியில் கற்பூரத்தைக் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் திருவிழா. அந்தப் பீடத்தில்தான் தேங்காய் உடைப்பார்கள், கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்துவார்கள், பிள்ளைகுட்டியெல்லாம் சுற்றி நிற்கும். தோட்டத் தலைவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“எங்க பாட்டன் காலத்துலருந்து கற்பூரம் கொளுத்துறோம். நீங்க வந்த அன்னைக்குத்தான் அது குண்டாயிருச்சா?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நடுங்கிப்போனாள். வீடு நிறையப் பட்டாளத்துச் சாமான் வைத்திருக்கிற ஒரு தமிழன் பொலிஸுக்குப் போய் குண்டு இருக்கிறது என்றால் என்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போனேன். கேட்டார்கள், துருவித் துருவிக் கேட்டார்கள். அலமாரியையும் வந்து பார்த்தார்கள். பிறகுதான் இராணுவத்துக்குச் சொன்னார்கள்.

வந்தவர்கள் பார்த்ததும் முகம் மாறிவிட்டார்கள். அசைக்கவே முடியாது, இருக்கிற இடத்தில்தான் வெடிக்க வைக்க வேண்டும் என்றார்கள். சனத்தையெல்லாம் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, சாமியைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அந்த மனுஷனை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வெடித்தபோது பாடசாலை ஜன்னல்கள் அதிர்ந்தன. சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது.

போய்ப் பார்த்தால் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. சில்லுகளை இராணுவம் பொறுக்கிக்கொண்டு போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழியை விட்டு ஒதுங்கி நின்றார்கள், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அந்த அக்கா எங்கள் மருந்துக் கடைக்கு வந்தார். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கேட்டார். யாருக்கு என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவரே சொன்னார். கணவர் சாமி போன அன்றைக்குப் படுத்தவர்தான், எழவில்லை. தோட்டத்தார் காசு சேர்த்துப் புதுச் சிலை வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி வரக் கூப்பிட்டால், “அது வாங்குன சாமி, வந்த சாமி இல்ல” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாராம்.

மருந்தைப் பைக்குள் வைத்துவிட்டுப் படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

“தம்பி, நீங்க பழசெல்லாம் தேடிப் புடிக்கிறவருதானே. நம்ம சாமியில ஒரு துண்டாச்சும் கெடச்சா எடுத்துக் குடுங்களேன். அதக் காட்டியாவது அவர எழுப்பிப் பாக்குறேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். பள்ளம், கான், கீழே ஓடை, சுற்றியிருந்த தேயிலைத் தூர் என்று ஒன்று விடாமல் கிளறினேன். இருட்டும்வரை தேடியும் ஒரு நகக்கண் அளவு சில்லுகூடக் கிடைக்கவில்லை. வீட்டு அலமாரியில் வேறு குண்டுகளின் சில்லுகள் இருந்தன. ஒன்றை எடுத்துச் சந்தனம் பூசிக் கொடுத்திருந்தால் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஒன்றைக் கையில் எடுத்தும் பார்த்தேன். அந்த மனுஷன் மூச்சு வாங்கச் சுற்றி வந்தது கண்ணுக்குள் வந்தது. வைத்துவிட்டேன்.

கிடைக்கவில்லை என்று சொன்னபோது அக்கா, “சரி தம்பி” என்றார். இப்போதும் மாதாமாதம் அதே மருந்தை வாங்கிப் போகிறார். நான் பழைய சாமான் விற்பனைகளுக்குப் போவதை விட்டுவிட்டேன். நீ சொல்லாமல் இருந்திருந்தால் லயமே போயிருக்கும் என்று தெரிந்தவர்கள் தேற்றுகிறார்கள். உண்மைதான். மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் நான் அதையேதான் செய்வேன். அதனால்தானோ என்னவோ, இதற்கு ஆறுதலை எங்கே போய்த் தேடுவது என்று இன்றுவரை தெரியவில்லை.