அஞ்சலை கொண்டுபோன தட்டு

எங்கள் தெருவில் அஞ்சலையைப் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: மகளின் படிப்பைக் கெடுத்தவள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

சென்னீர்குப்பத்தில் எங்கள் வீடுகள் இரண்டும் எதிரெதிரே. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவள் டெய்லர், நான் செக்கிங். அவள் மாமனார் காலம்வரை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வயலில் கூலிக்கு நடவு, அறுப்பு. இப்போது அங்கே வயல் கிடையாது. கண்ணாடி பதித்த தனியார் பல்கலைக்கழகம் நிற்கிறது. மகள் சுவேதாவுக்கு அங்கே வேதியியல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த அன்று அஞ்சலை கம்பெனி வேனில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

"எம் பொண்ணு டாக்டரு ஆவப்போறா."

"ஊசி போடற டாக்டரா?" என்று டிரைவர் கேட்டார்.

"இல்லண்ணா. படிச்சிகினே கீற டாக்டரு."

வேனே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சுவேதாவுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் சண்முகசுந்தரம். முதல் வாரமே சாதியைத் தெரிந்துகொண்டார். நேராகக் கேட்பாரா? படித்தவர் ஆயிற்றே. "சென்னீர்குப்பத்துல எந்தத் தெரு?" என்றார். தெருவின் பெயரைச் சொன்னால் போதும், எங்களைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு ஆய்வகத்தில் குடுவை கழுவுவதே அவள் வேலையாகிப் போனது. மற்ற மாணவர்களுக்குக் கருவி, அவளுக்குத் துடைப்பம். எல்லோரும் காபி போட்டுக் குடிக்கிற பாத்திரத்தை அவள் மட்டும் தொடக்கூடாது. கடைசியில் வருடாந்திர அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவே ரத்தாகிவிடும்.

"உங்களுக்கெல்லாம் சீட்டு குடுப்பாங்க. மூளையும் சேர்த்துக் குடுப்பாங்களா?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்றிருந்த கிஷோர் என்ற மாணவன் அதைக் காதால் கேட்டான். சாட்சி சொல்கிறேன் என்று வாக்கும் கொடுத்தான்.

சாதி பார்த்தால் தண்டனை என்று பல்கலைக்கழக வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். சம வாய்ப்புப் பிரிவு என்று தனி அறை உண்டு. புகார், விசாரணை, புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு என எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. நான் தொழிற்சங்கத்தில் மனு எழுதிப் பழகியவள். சுவேதாவும் நானும் சேர்ந்து புகாரை எழுதிக் கொடுத்தோம். எனக்கு நிஜமாகவே நம்பிக்கை இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள், என் சுரைக்காய் மட்டும் வெந்துவிடும் என்று நினைத்தேன்.

விசாரணையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். சுவேதா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. பெற்றவளால் எத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை முற்றிவிட்டால், யார்மேல் தப்பு என்று பார்க்காமல், ஒரு வீட்டார் வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டோடு எதிராளி வீட்டுக்குப் போவார்கள். "எங்க மேல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க" என்று சொல்வார்கள். எதிராளி வீட்டார் இரண்டு கையாலும் தட்டை வாங்கினால், தங்கள் தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வாங்காவிட்டால் தெருவே காறித் துப்பும். தட்டு கொண்டுபோனவருக்கு ஒரு குறைச்சலும் கிடையாது, மரியாதைதான் கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், அஞ்சலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முகப்பேரில் இருக்கும் பேராசிரியரின் ஃபிளாட்டுக்குத் தட்டோடு போய்விட்டாள்.

திரும்பி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள். முகத்தில் அத்தனை நிம்மதி.

"மன்னிப்பு கேக்க வந்தியான்னாரு. எங்க மேல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க சார்னேன்."

"தட்ட வாங்கிக்கினாரா?"

"கையால வாங்கல. செருப்பு வைக்கிற ஸ்டாண்டு மேல வைக்க சொன்னாரு. அப்பால போன எடுத்துகினு, இன்னொரு தபா சொல்லும்மான்னாரு. நல்லா சத்தமா சொன்னேன். படிச்சவங்க வழக்கம் அப்டி போல."

அவர் வீடியோ எடுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 

விசாரணைக்குத் துணையாகப் போன என்னை உள்ளே விடவில்லை. நடந்ததை சுவேதா வெளியே வந்து சொன்னாள். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்களாம். பட்டுப்புடவையில் கைகூப்பி நிற்கும் அம்மா. எங்கள் வழக்கத்தை சுவேதா விளக்கியிருக்கிறாள். "இதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று குழுத் தலைவர் கேட்டாராம். கிஷோர் தனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் அதே சண்முகசுந்தரம்தான் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றோரே மன்னிப்புக் கேட்டுவிட்டதால் புகாரில் உண்மை இல்லை என்று முடித்தார்கள். அடுத்த மாதமே பதிவு ரத்தானது.

நான் விடவில்லை. காவல் நிலையம், வக்கீல் என்று அலைந்தேன். போன இடமெல்லாம் அந்த வீடியோவைக் காட்டியே என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

சுவேதா அம்மாவைத் திட்டவில்லை. "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றாள், அவ்வளவுதான். திட்டித் தீர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது வானகரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். வீட்டில் அம்மாவும் மகளும் சாப்பாட்டுக்கும் சாவிக்கும் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். தெருக்காரர்கள் அஞ்சலையின் காதுபடவே பேசுகிறார்கள். ஒருவரையும் அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

போன வாரம் வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், சின்ன மகள் பவ்யா பிளஸ் டூ முடிக்கப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். திடீரென்று கேட்டாள்.

"பார்வதம், அன்னிக்கு நான் போவாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போமா?"

இந்தக் கேள்விக்காக நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன்.

"நீ போவலன்னாலும் தோத்துதான் இருப்போம். வீடியோ இல்லன்னா அவங்க வேற ஒண்ண கொண்டாந்திருப்பாங்க. உம்மேல ஒரு தப்பும் இல்ல அஞ்சலை."

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். உண்மையும் அதுதான். ஆனால் அவள் முகம் வெளிறிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்டி சொல்லாத. என்னாலதான் கெட்டுச்சின்னே இருக்கட்டும். இல்லாங்காட்டி சின்னவள நான் எந்த தெகிரியத்துல காலேஜுக்கு அனுப்புவேன்?"