எஞ்சினின் வலது பக்கம்

அந்தக் காரின் பெயரை எங்கள் தெருவில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் நாக்குக்கென்றே வைத்த பெயர். அப்பா அந்த வம்புக்கே போகமாட்டார். ‘வண்டி’ என்பார், அவ்வளவுதான். ஊரில் ஆயிரம் வண்டி ஓடினாலும் எங்கள் வீட்டில் வண்டி என்றால் அது ஒன்றுதான்.

கார் அப்பாவுடையது அல்ல. விருத்தாசலத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒரு பெரியவருடையது. எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில், ரயில்வே ஜங்ஷனில் உத்தியோகம் பார்த்த ஒரு துரையிடமிருந்து வாங்கியதாம். கரும்பச்சை நிறம். பானெட்டை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தூக்கலாம். தூக்கினால் கோழி இறக்கையை விரித்த மாதிரி நிற்கும். சக்கரங்களுக்கு சைக்கிளைப் போலக் கம்பிகள். அப்பா இருபது வருஷத்துக்கு மேல் அதற்கு டிரைவர். பங்களாவுக்குப் பின்னால், கார் ஷெட்டை ஒட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். அம்மா பக்கத்திலிருந்த சின்ன பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் விரிசல் உண்டா இல்லையா என்று பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரித்து வைப்பது அவள் வேலை.

எனக்குப் பத்து வயது நடந்தபோது ஐயா காலமானார். மெட்ராஸில் உத்தியோகத்தில் இருந்த அவருடைய ஒரே மகன் வந்து காரியங்களை முடித்தார். அவரைச் சின்னவர் என்போம். மில்லையும் பங்களாவையும் விற்றுவிட்டுப் போவதென்று முடிவு செய்தார். பொல்லாதவர் அல்ல. எதற்கும் நேரமில்லாதவர். அவருக்கு அந்தக் கார், ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய இரும்புச் சாமான். வேப்பூரிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்டார். சின்னவர் கொடுத்தும் இருப்பார். யாரோ ஒரு நண்பர்தான், இந்த மாதிரி வண்டி நாட்டிலேயே நாலைந்துகூட இருக்காது, தெரிந்தவரை வைத்துப் பார் என்று கடிதம் எழுதிவிட்டார்.

அன்று சின்னவர் ஷெட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் வாசற்படியில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

“டிரைவரே, மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வராரு. பழைய கார்ங்கள மதிப்புப் போடறவரு, அவரே வாங்கவும் செய்வாரு. ஏழாயிரத்துக்கு மேல போச்சுன்னா இந்த ரெண்டு ரூமையும் மனையோட உங்க பேருக்கு எழுதிடறேன். இத்தினி வருஷம் நீங்கதான வெச்சுக் காப்பாத்துனீங்க.”

அப்பா தலையை ஆட்டினார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கையெழுத்து தாறுமாறாகப் போயிற்று. எங்கள் வீடு. மழைக்கு ஒழுகும் மூலையில்கூட எனக்கு அந்த நிமிஷமே சொந்தம் வந்துவிட்டது.

மெட்ராஸ்காரர் வந்தது காலாண்டு லீவில். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, தோல்பை. பெரிய காராக ஒன்றில் வந்து இறங்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன். ரயிலில் வந்து ஜங்ஷனிலிருந்து நடந்தே வந்தார். காபியைக்கூட மறுத்துவிட்டு நேரே ஷெட்டுக்குள் போனார்.

மதிப்புப் போடுவதென்றால் தொகையைச் சொல்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோ தொகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவு, மட்கார்டு, பின்பக்கம் என்று வைத்து வைத்து எடுத்தார். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரம் அரித்து, பட்டி வைத்துப் பூசியிருப்பார்கள் என்று அப்பா எனக்கு மெல்லச் சொன்னார். எல்லா இடத்திலும் பிடித்தது. கதவுகளைத் திறந்து மூடி, மூடும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டார். சீட்டின் தோலை மோந்து பார்த்தார். டார்ச் அடித்து அடிச்சட்டத்தில் பொறித்த நம்பரை வாசித்தார்; அப்பா பழுப்பேறிய பதிவுப் புத்தகத்திலிருந்து அதே நம்பரைப் படித்தார். எல்லாம் ஒத்துப்போயிற்று. கடைசியில் அப்பா ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். வண்டியோடு வந்த ஸ்பேனர்கள், ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அதைப் பார்த்தபோதுதான் அந்த மனிதரின் முகம் முதல்முறையாக இளகியது.

“எல்லாம் சரியா இருந்தா எட்டாயிரம் வரைக்கும் போகலாம்” என்றார் சின்னவரிடம். “எஞ்சின் மட்டும் பார்த்துட்டா முடிஞ்சுது.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

மெட்ராஸ்காரர் இடது பக்க பானெட்டைத் தூக்கினார். கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டார். பிரஷ்ஷில் தொட்டு எஞ்சின் மேல் தடவினார். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் இறங்கிக்கொள்ளுமாம். மேலே துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் தூவினால், உள்ளே இறங்கியது திரும்பக் கசிந்து பவுடரில் கோடு காட்டிவிடுமாம். பையைத் துழாவினார். பவுடர் டப்பாவைக் கொண்டுவர மறந்திருந்தார்.

“இந்த ஊர்ல வெள்ளை மண்ணுக்கா பஞ்சம்?” என்றார் சின்னவர். “பாப்பா, ஓடிப்போய் உங்கம்மாகிட்ட ஒரு பொட்டலம் மாவு வாங்கிட்டு வா.”

ஓடினேன். எங்கள் வீட்டை நானே போய் வாங்கிக்கொண்டு வரப்போகிறேன் என்ற நினைப்பில் ஓடினேன். அம்மா கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒன்றோடு ஒன்றைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“எந்தப் பக்கம் தடவுனாரு?” என்றாள்.

கேள்வி எனக்கு விளங்கவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

“அந்தாண்ட பக்கம் தொறக்கலையா?”

“இல்லம்மா.”

சல்லடையில் சலித்து வைத்திருந்த வெள்ளை மண்ணைக் காகிதத்தில் கொட்டி மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிவிட்டு அவளும் கிளம்பினாள். வழியெல்லாம் என் மறு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பொட்டலத்தைப் பிடித்திருந்த என் கையைவிட அவள் கை அதிகமாக வியர்த்திருந்தது.

மெட்ராஸ்காரர் மாவை வாங்கி, இடது பக்கம் முழுக்கத் தூவினார். காத்திருந்தோம். அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவர் சிகரெட் பற்ற வைக்கப் போய், மண்ணெண்ணெய் நினைவு வந்து பையில் வைத்துக்கொண்டார். மாவு வெள்ளையாகவே இருந்தது. ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லை.

வலது பக்கத்தையும் திறந்தார். அந்தப் பக்கம் புகைக்குழாய்கள் குறுக்கே ஓடின. அவற்றுக்குக் கீழே கை நுழைவது கஷ்டம். டார்ச் அடித்து மேலாகப் பார்த்தார். ஓர் இடத்தில் பிரஷ்ஷை நீட்டிப் பார்த்து, எட்டாமல் விட்டுவிட்டார். கைகளைத் துடைத்துக்கொண்டார். முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் குனியவில்லை.

பையை மூடும்போதுதான், போகிற போக்கில் கேட்பது போல, அவர் அப்பாவிடம் கேட்டார்.

“இருபது வருஷம் நீங்கதானே ஓட்டியிருக்கீங்க. நான் பார்க்காதது ஏதாவது இருக்கா?”

சின்னவர் அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்பது பத்து வயதிலேயே எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்லுங்கள் என்று நானும் மனசுக்குள் கத்தினேன். ஒரே ஒரு வார்த்தை. மூன்றே எழுத்து. அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒன்றும் செய்யவில்லை. தலையை ஆட்டவில்லை, கண்ணைக்கூட மூடித் திறக்கவில்லை. வெறுமனே அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இருக்குதுங்க” என்றார் அப்பா.

பிரஷ்ஷை அவரே எடுத்தார். புகைக்குழாய்க்கு அடியில் கையைப் பக்கவாட்டில் நுழைத்து, கண்ணால் பார்க்காமலே ஓர் இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவினார். மேலே தடவி மறைத்திருந்த பூச்சு கொஞ்சம் கரைந்து விரலோடு வந்தது. காத்திருந்து, துடைத்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினார். மீதி மாவு என் கையில் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ஊதினார். மெட்ராஸ்காரர் தரையில் ஒரு துணியை விரித்துப் படுத்து, டார்ச்சைக் கீழிருந்து பிடித்தார்.

“ஒரு சாண் இருக்கு” என்றார் படுத்தபடியே. “பித்தளை ஆணி அறைஞ்சு அடைச்சிருக்காங்க. நல்ல வேலை. எப்ப ஆச்சு?”

“எட்டு வருஷம் ஆவுதுங்க.”

“எப்படி?”

“கொதிச்சுப்போன எஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்திட்டேங்க.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “கொதிக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்துனா இரும்பு வெடிச்சுடும்னு நேத்து லைசென்ஸ் வாங்குன பையனுக்குக்கூடத் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்ங்க” என்றார் அப்பா.

மெட்ராஸ்காரர் இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மீதியும் வரும் என்று எதிர்பார்த்தவர் போல. சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்பாகிட்ட சொன்னீங்களா இத?”

“இல்லீங்க. ஐயாவுக்குத் தெரியாது. என் காசுலதான் அடைச்சேன்.”

“எட்டு வருஷம் மறைச்சத இன்னிக்குத்தான் சொல்லணுமா?”

அப்பா தலை குனிந்து நின்றார். ஆனால் வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பென்று தெரிந்தே ஒரு தப்பைச் செய்துவிட்டு, மறைத்து வைத்து, மறைத்ததையும் கடைசிவரை மறைக்கத் தெரியாமல், எல்லோர் முன்னாலும் நிற்கிறார் என் அப்பா.

கார் நாலாயிரத்துக்குப் போயிற்று. அந்த நாலாயிரமும் அப்பாவால்தான் வந்தது என்பது வேறு விஷயம். கியர், பிரேக், பின்பக்க அச்சு எதையும் மெட்ராஸ்காரர் பிறகு பிரித்துப் பார்க்கவில்லை. அப்பாவைக் கேட்டு, அவர் சொன்னதையே எழுதிக்கொண்டார். சின்னவர் தைமாசம் வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்றார். அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தார். தை முடிந்ததும் ஜங்ஷன் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அப்பா பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டப் போனார். உடம்பெல்லாம் கரும்புத்தூளோடு இருட்டுகிற நேரத்துக்கு வருவார்.

ஷெட்டில் நடந்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். “தெரிஞ்சே ஏம்மா ஊத்துனாரு? அவருக்கென்ன கிறுக்கா?”

அம்மா என்னை அடித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் அடி வாங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தை அப்பாவின் கணக்கிலேயே சேர்த்து, மூன்று வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

பல வருஷம் கழித்து, என் மகளுக்குக் காய்ச்சல் முற்றி, அவளைக் கடலூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். துணைக்கு அம்மா வந்திருந்தாள். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டே, “ஒன்னையும் இங்கதான் கொண்டாந்தோம்” என்றாள். எனக்கு இரண்டு வயதாம். தொண்டை அடைத்து, மூச்சு போகாமல், உதடு நீலம் பாரித்துவிட்டதாம். ஐயா குடும்பத்தோடு ரயிலில் திருப்பதிக்குப் போயிருந்தார். அப்பா யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டார். சித்திரை மாசம், நடுப்பகல். வடலூர் தாண்டியதும் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. ஆறுவதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும்.

“கொடத்துல தண்ணியோட நின்னுக்கிட்டு என்னையே பாத்தாரு. நான் ஒன்னப் பாத்தேன். ஊத்திட்டாரு” என்றாள் அம்மா.

ஊற்றியதும் பட்டென்று ஒரு சத்தம் கேட்டதாம். வண்டி மட்டும் எப்படியோ கிளம்பி, வழியெல்லாம் தண்ணீர் ஒழுகிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடிவிட்டதாம்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மா. அந்த ஆளு அப்படிக் கேக்கும்போதாவது.”

“நீ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த. ஒன்ன வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? இவளாலதான் வூடு போச்சுன்னு ஒனக்குத் தோணிடும்னு பயந்தாரு.”

நான் பேசாமல் இருந்த அந்த மூன்று வாரமும், அப்பா தினமும் என் எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திருப்பிய பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். வீடு போனவர் முகமாகவே அது இருக்காது. பத்து வயதில் நான் அதை வெட்கமில்லாத முகம் என்று நினைத்துக்கொண்டேன்.