பத்தாவது எலுமிச்சை

எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியால் இடது கையையும் மறு பாதியால் வலது கையையும் தேய்க்கிறாள் டோ மியா யின். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, அப்புறம் முழங்கை வரை. கழுவிவிட்டுக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் தேய்க்கிறாள். பர்மாவின் மோல்மேன் நகரத்துப் பெரிய சந்தையில் கருவாட்டுக் கடைகள் முடிகிற இடத்தில் ஒரு குழாயடி உண்டு. புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அங்கே இது தொடங்கிவிடும்.

"முப்பது வருஷ நாத்தம், நாலு நாள்ல போயிடுமாக்கா?" என்பாள் பக்கத்தில் மிளகாய் விற்கும் மா நிலார்.

"தோல் போனாலும் போகட்டும். நாத்தம் போகணும்."

"பேசாம கையைக் கழட்டிக் கடையில வச்சிட்டுப் போக்கா. நான் யாவாரம் பாத்துக்கறேன்."

"உன்கிட்ட விட்டா கையையும் சேத்து எடை போட்டு வித்துடுவ."

கருவாட்டை அவள் காதால் வாங்குகிறவள். வாலைப் பிடித்து ஓர் உதறு உதறுவாள். நன்றாகக் காய்ந்தது சலசலக்கும். உள்ளே ஈரம் நிற்பது சத்தம் போடாது. அதைத் தட்டில் திருப்பி எறிந்துவிட்டு, "இது ஊமை. உள்ள அழுகிக்கிட்டு இருக்கு, எனக்கு வேணாம்" என்பாள். படகுக்காரர்கள் அவளிடம் வாதாடுவதில்லை. வலது கையில் எப்போதும் ஒரு பனையோலை விசிறி. ஈ விரட்ட வேண்டும் என்று நினைத்து அவள் விரட்டுவதில்லை. மூச்சு விடுவதுபோல அது பாட்டுக்கு நடக்கும். விசிறி இல்லாதபோதும் கை ஒரு வீச்சு வீசிவிட்டு வந்து மடியில் அமரும்.

பேச்சும் அப்படித்தான். காலையில் சாக்குப் பையை அவிழ்க்கும்போது தொடங்குகிற வாய், மாலையில் தார்ப்பாயை இழுத்து மூடும்போதுதான் மூடும். வாடிக்கைக்காரர்கள், எதிர்க்கடைக்காரர்கள், கூரையில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள், எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே வருஷத்தில் பத்து நாள், ஊரே தெருவில் நின்று தண்ணீரை வாரி இறைத்துக்கொள்ளும் நாட்களில், அவள் மலையடிவாரத் தியான மடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைச் சந்தை இன்னும் முழுதாக நம்பவில்லை. "யோகியம்மா கிளம்பிட்டாங்க, காக்காயெல்லாம் பட்டினி" என்பாள் மா நிலார்.

மடத்துக்குப் போகிறவர்கள் பலரும் மனம் அமைதி அடையப் போகிறார்கள். மியா யின் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அவளுடைய ஒரே மகள் யமின் அங்கே துறவியாக இருக்கிறாள்.

யமின் பள்ளிக்குப் போன காலத்தில் சீருடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மா நிலாரின் வீட்டில் வைத்திருப்பாள். காலையில் அங்கே போய்த்தான் மாற்றிக்கொள்வாள். வகுப்பில் கடைசிப் பெஞ்சின் ஓரம் அவளுக்கு. அதை அவள் ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. மியா யின்னும் கேட்டதில்லை. நான்கு வருஷத்துக்கு முன், இருபத்து மூன்று வயதில், தலையை மழித்துக்கொண்டு இளஞ்சிவப்பு அங்கி உடுக்கப் போகிறேன் என்று அவள் பையோடு நின்றபோது, கேட்காமல் விட்டதெல்லாம் தாயின் வாயில் ஒரே வாக்கியமாக வந்தது. "கருவாட்டு நாத்தம் தாங்காமத்தானே போற? போ. என் கை பட்ட சோறே உனக்கு இனி வேணாம்." யமின் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் ஒருமுறை மற்ற இரண்டு துறவிகளோடு அரிசிப் பிச்சைக்குச் சந்தைக்கு வந்தாள். மியா யின் ஒரு கரண்டி அரிசியைத் தட்டில் இட்டு, ஈரத் தரையில் மண்டியிட்டு மூன்று முறை வணங்கினாள். பெற்றவள் பிள்ளையின் காலடியில் நெற்றி பதித்தாள். அதில் அங்கே யாருக்கும் வியப்பில்லை. மூத்த துறவி ஆசி சொன்னார். தட்டுகள் அடுத்த கடைக்கு நகர்ந்தன. தலை நிமிர்ந்தபோது மூன்று இளஞ்சிவப்பு முதுகுகள்தான் தெரிந்தன. அவற்றில் எது தன்னுடையது என்று தெரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த ஒரு நொடியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வருஷம் எலுமிச்சை பத்து வாங்கினாள், நாளுக்கு ஒன்று. துணியில் முடிந்து, பழுப்பு லுங்கிக்கும் சால்வைக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். முகத்துக்குத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசக்கூடாது, மதியத்துக்குப் பிறகு சாப்பிடக்கூடாது, யார் கண்ணையும் பார்க்கக்கூடாது என்று மடத்தில் விதிகள் உண்டு. எலுமிச்சைக்கு விதி இல்லை. பதிவு மேசையில் இருந்த துறவி பெயரை எழுதிக்கொண்டே சொன்னார்: "சயலே கேமா அடுத்த மாசம் வடக்க சகாயிங் மடத்துக்குப் போறாங்க. பாடம் படிக்க. வர ஏழெட்டு வருஷம் ஆகும்." சயலே என்றால் பெண் துறவி, கேமா என்பது யமினின் இப்போதைய பெயர். "தெரியும்" என்றாள் மியா யின். தெரியாது.

மடத்தின் பயிற்சி எளிதில் சொல்லிவிடக்கூடியது, செய்யக் கடினமானது. ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். வயிறு எழும்போது 'எழும்புது' என்றும், தணியும்போது 'தணியுது' என்றும் மனத்துக்குள் குறிக்க வேண்டும். வலி வந்தால் 'வலி'. மதிலுக்கு வெளியே திருவிழா லாரிகள் பாட்டு அலறிக்கொண்டு போனால் 'கேட்குது, கேட்குது'. வருகிற எதையும் தள்ளவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. பெயரிட்டு விட்டுவிட வேண்டும். பெயரிட்டால் எதுவும் சிறுத்துப்போகும் என்பது அங்குள்ளவர்களின் அனுபவம். மியா யின்னின் வலது கை நடுநடுவே எழுந்து இல்லாத ஈயை விரட்டிவிட்டு வரும். 'வீசுது' என்று குறித்துக்கொள்வாள். இது மட்டும் அவளுக்குச் சுலபமாக வந்தது.

பேச அனுமதி உள்ள இடம் ஒன்றுதான். ஒன்றுவிட்டு ஒருநாள், தலைமைப் பிக்குவின் முன் ஒவ்வொருவராகப் போய், எழுந்தது என்ன, எப்படிக் குறித்தது, பிறகு அது என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். முறைக்குக் காத்திருப்பவர்கள் பின்னால் வரிசையாகத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். பத்து நாள் யோகிகள் முதலில். நெடுநாள் பயிற்சியில் இருக்கும் துறவிகள் கடைசியில். மற்ற வருஷங்களில் துறவிகளுக்கு வேறு ஆசிரியர், வேறு அறை. இந்த வருஷம் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. இரண்டு வரிசையும் ஒன்றாயின.

மூன்றாம் நாள், தன் முறை முடிந்து பின்வரிசைக்கு வந்து உட்கார்ந்த மியா யின், நான்கு வருஷத்துக்குப் பிறகு மகளின் குரலைக் கேட்டாள். "வயிறு எழறது முன்னவிட மெல்லிசா தெரியுது, சாமி." அவ்வளவுதான். குரல் கொஞ்சம் இளைத்திருந்தது. முன்பெல்லாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவாள், இப்போது விழுங்கவில்லை. மியா யின்னின் தாடையிலிருந்து ஒரு சொட்டுச் சால்வையில் விழுந்தது. 'கேட்குது' என்று குறித்தாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

ஐந்தாம் நாள் பிக்கு கேட்டார்: "என்ன எழுந்துச்சு, யோகி?"

"ஆசை, சாமி."

"எப்படிக் குறிச்சீங்க?"

"'ஆசை, ஆசை'ன்னு."

"பிறகு?"

"பேர் வச்ச நாய் எங்க சாமி போகும்? வாசல்லயே படுத்திருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கக்கூடாது.

தனக்கும் மகளுக்கும் நடுவே திறந்திருக்கும் ஒரே வாசல் இந்த அறைதான் என்பது அன்று இரவுக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. மகளிடம் நேராக ஒரு சொல்லும் சொல்ல முடியாது. ஆனால் பிக்குவிடம் சொல்வது மகளின் காதில் விழும். ஏழாம் நாள் முன்னால் போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "எனக்கு ஒரு பொண்ணு, சாமி. அவ சின்னதுல பள்ளிக்கூடத்துக்குப் போறப்போ..."

பிக்கு ஒரு விரலை உயர்த்தினார். "கதை வேணாம், யோகி."

"இல்ல சாமி, அவ சட்டைய..."

"எழுந்தது என்ன? குறிச்சது என்ன?"

முப்பது வருஷம் யாரும் மூட முடியாத வாய் மூடிக்கொண்டது. "தணியுது, சாமி" என்று ஏதோ சொல்லிவிட்டுப் பின்னால் வந்தாள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு முறை.

இரண்டு நாள் அவள் வயிற்றையும் கவனிக்கவில்லை, காலையும் கவனிக்கவில்லை. கருவாட்டிலிருந்து முள்ளெடுப்பதுபோலத் தன் கதையிலிருந்து கதையை எடுத்துக்கொண்டிருந்தாள். யாருடைய பெயரும் கூடாது. ஏன் என்பது கூடாது. அவள், இவள் கூடாது. எல்லாம் எடுத்தபின் கையில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள்.

"கையைத் தூக்கினேன், சாமி. 'தூக்குது'ன்னு குறிச்சேன். வாடை வந்துச்சு. 'வாடை'ன்னு குறிச்சேன். வாடையோட ஒரு நினைப்பு வந்துச்சு, வாசல்ல நின்னு பேசின ஒரு பேச்சு."

விரல் உயர்ந்தது.

"'நினைப்பு'ன்னு குறிச்சேன்" என்றாள் அவசரமாக. "பேசியிருக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. 'வருத்தம், வருத்தம்'னு குறிச்சேன்."

விரல் அந்தரத்தில் சற்று நின்று, முழங்காலுக்கு இறங்கியது.

"பிறகு?"

"போகல, சாமி."

"எவ்வளவு நேரமா?"

"நாலு வருஷமா."

பிக்கு தலையசைத்தார். அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்பதை அந்த முகத்தில் படிக்க முடியாது. "சரி. தொடர்ந்து குறிங்க" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான்.

மியா யின் பின்வரிசைக்கு வந்தாள். ஒரு பள்ளி ஆசிரியை தன் முழங்கால் வலியைச் சொன்னாள். ஒரு தையல்காரி தூக்கத்தைச் சொன்னாள். பிறகு இளஞ்சிவப்பு அங்கியின் ஓரம் பாயில் உரசிக்கொண்டு முன்னால் போனது.

"சாப்பாட்டு மண்டபத்துல உக்காந்திருக்கப்போ வாசனை வந்துச்சு, சாமி. 'வாசனை, வாசனை'ன்னு குறிச்சேன். மேல எலுமிச்சை. அதுக்கு அடியில கருவாடு."

"பிறகு?"

"பிடிச்சிருந்துச்சு. 'பிடிச்சிருக்கு'ன்னு குறிச்சேன். எலுமிச்சை இல்லாம வந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. 'வேணும், வேணும்'னு குறிச்சேன்."

"பிறகு?"

கடைசிச் சொல்லை அவள் விழுங்கிவிட்டாள். பிக்கு மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

"போகல, சாமி. தினமும் வருது."

"சரி. தொடர்ந்து குறிங்க."

பத்தாம் நாள் காலை, சாப்பாட்டு மணிக்கு முன், மியா யின் குழாயடிக்குப் போனாள். துணி முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பழம்தான் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். மணி அடித்தது. பழத்தைக் குழாய்த் திண்டில் வைத்துவிட்டு வரிசைக்கு வந்தாள்.

மண்டபத்தில் பெண் யோகிகளின் மேசைக்குப் போக வேண்டுமானால் துறவிகளின் வட்ட மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்பது நாளும் அந்த இடம் வரும்போது அவள் இரு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். இன்று சால்வை தோளோடு நின்றது. 'தூக்குது, நகருது, வைக்குது' என்று ஒவ்வோர் அடியாக வரிசை ஊர்ந்தது. மழித்த தலைகள் தட்டின்மேல் குனிந்திருந்தன. மூன்றாவது தலையின் அருகே வந்ததும் அவள் நின்று, வலது கையை உயர்த்தி, தட்டுக்கு மேலாக மெல்ல, ஒரே ஒரு முறை, விசிறினாள்.

மேசைமேல் ஓர் ஈகூட இல்லை.