உப்புப் பார்க்க ஒரு துண்டு

இதய ஆபரேஷன் முடிந்த பஸ் டிரைவருக்கு இனிக் கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவருக்கோ காலையில் கொழுத்த இறைச்சியில் செய்த சாசேஜ் இல்லாமல் பொழுதே விடியாது. தையல் வேலை செய்யும் மனைவி, கொழுப்பு நீக்கிய கோழிக் கொத்துக்கறியில் அதை வீட்டிலேயே செய்யத் தொடங்கினாள். போன வாரம் செய்தது மரத்தூளாய் உதிர, அவர் சாசேஜ் தின்ன டிப்போ கேண்டீனுக்கே போய்விட்டார்.

இன்று துருவிய ஆப்பிளும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்தாள். ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியவரிடம், உப்புப் பார்க்க ஒரு துண்டைத் துளி எண்ணெயில் சுட்டு நீட்டினாள்.

"மிளகு பத்தல."

மிளகு சேர்த்து இன்னொன்று சுட்டாள்.

"இன்னும் பிடிபடல. இன்னொண்ணு போடு."

மூன்றாவதும் போட்ட வேகத்தில் காணாமல் போனது.

"உப்புப் பாத்தே சட்டியைக் காலி பண்ணிடுவீங்க போல. கேண்டீனுக்கு நேரமாகலையா?"

"கேண்டீன்காரன் சாசேஜை அவனே தின்னுக்கட்டும்" என்றபடி அவர் ஷூவைக் கழற்றினார்.